வாலன்ஷ்டாட் மின்சந்தை: விற்பது யூனிட், திணறுவது கம்பி

சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மாநிலத்தில் வாலன்ஷ்டாட் என்று ஒரு சிற்றூர். வடக்கே கூர்ஃபிர்ஸ்டன் மலைத்தொடர், மேற்கே வாலன்ஸே ஏரி. 2019-ல் இந்த ஊரில் 37 வீடுகள் ஓர் ஆண்டு முழுக்கத் தங்களுக்குள்ளேயே சோலார் மின்சாரத்தை வாங்கி விற்றன. முதியோர் இல்லம் ஒன்றும் கூட்டத்தில் சேர்ந்திருந்தது. திட்டத்தின் பெயர் 'குவார்ட்டியர்ஷ்ட்ரோம்'. பேட்டை மின்சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழகமும் சாங்க்ட் காலன் பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்தின. ஊரின் குடிநீர், மின்சார விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் தன் கம்பிகளைத் திறந்துவிட்டது. சுவிஸ் எரிசக்தி அலுவலகம் நிதி உதவி செய்தது.

செய்தித்தாள்கள் இதை 'பிளாக்செயின் மின்சாரம்' என்றுதான் எழுதின. (பிளாக்செயின் என்பது பலரது கணினிகளில் பகிர்ந்து வைக்கும் கணக்குப் பதிவேடு.) அது அந்தக் காலத்து மோகம். பணக்கணக்கை எந்தப் பதிவேட்டில் எழுதினாலும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றுதான். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதிலிருந்து கிளம்பும் கேபிள்களுக்கும் இந்த வர்த்தகத்தால் என்ன ஆயிற்று என்ற கேள்வியோடு இந்த நிகழ்வைப் பார்க்கலாம்.

நாலுக்கு வாங்கி இருபதுக்கு

வர்த்தகம் ஏன் தேவைப்பட்டது என்பதை இரண்டு விலைகள் சொல்லிவிடும். கூரையில் மீந்த சோலார் மின்சாரத்தை ஊர் மின்நிறுவனத்துக்கு விற்றால் யூனிட்டுக்கு 4 ராப்பன் கிடைத்தது. (100 ராப்பன் ஒரு ஃபிராங்க்.) அதே நிறுவனத்திடம் வாங்கினால் யூனிட்டுக்கு 20.75 ராப்பன். அதாவது நண்பகலில் நான் நாலுக்குத் தள்ளிவிடும் மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அதே நிமிடத்தில் இருபதுக்கும் மேலே கொடுத்து வாங்குகிறார். இடையில் கம்பி இருப்பதோ முப்பது மீட்டர். யாருக்கும் கோபம் வரும்.

ஆனால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் அப்போது ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்குக் கீழே செலவழிக்கும் நுகர்வோர் உள்ளூர் மின்நிறுவனத்தைத் தவிர வேறு யாரிடமும் வாங்க முடியாது என்ற நிலை இருந்தது. 2018 முதல் ஒரு வழி இருந்தது: சில வீடுகள் சேர்ந்து சொந்தக் கம்பி இழுத்து, ஒரே மீட்டருக்குப் பின்னால் ஒரே நுகர்வோராக மாறிக்கொள்ளலாம். ஆனால் பொதுக் கம்பி வழியாக ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு விற்க வழியில்லை. அதனால் இந்தச் சோதனை மின்நிறுவனம் மனமுவந்து சேர்ந்ததால் மட்டுமே நடந்தது. வர்த்தகத்தில் இழப்பவர் யாரோ அவரே மேடை போட்டுக் கொடுத்த கதை இது. அடிக்கடி பார்க்கக் கிடைக்காது.

37 பேரில் 28 பேரிடம் கூரை சோலார் இருந்தது. எல்லாம் சேர்த்து 300 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. சில வீடுகளில் பேட்டரி இருந்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 80 யூனிட். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கால்மணி நேர ஏலம்

ஒவ்வொரு வீட்டிலும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியோடு சேர்ந்த ஒரு மீட்டர். நாள் 96 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது, துண்டுக்கு 15 நிமிடம். (நம் ஊர் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் வேலை செய்தவர்களுக்கு இந்த 96 புதிதில்லை, இந்தியாவிலும் மின் அட்டவணை போடுவது இதே கணக்கில்தான்.) விற்பவர் தன் குறைந்தபட்ச விலையையும், வாங்குபவர் தன் அதிகபட்ச விலையையும் செயலியில் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு கால்மணி முடிவிலும் ஏலம் தானாக நடக்கும். பொருந்தியவர்களுக்கு இருவர் விலைக்கும் இடைப்பட்ட ஒரு விலை. பொருந்தாமல் மீந்ததை 4 ராப்பனுக்கு நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கிடைக்காமல் போனதை 20.75-க்குக் கொடுக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஜூலை மாதம், பகல் 12.00 முதல் 12.15 வரை. ஒரு வீட்டுக் கூரை 8 கிலோவாட் தருகிறது, வீட்டுக்குள் 1 கிலோவாட் போதும். மீதி 7 கிலோவாட் வெளியே வருகிறது, கால்மணியில் 1.75 யூனிட். அந்த வீட்டுக்காரர் கேட்பது 8 ராப்பன். பக்கத்து வீட்டில் துணி துவைக்கிறார்கள், 2 கிலோவாட் லோடு, கால்மணியில் அரை யூனிட். அவர் தரத் தயாராக இருப்பது 14. நடுவே 11 ராப்பனில் அரை யூனிட் கைமாறுகிறது. மிச்சம் 1.25 யூனிட் இன்னொரு வீட்டுக்கோ, முதியோர் இல்லத்துச் சமையலறைக்கோ போகும். ஆள் இல்லையென்றால் நாலு ராப்பனுக்கு நிறுவனத்துக்கு.

கோடை நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் விற்க நிற்கும், வாங்க ஆள் குறைவு, விலை சரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் வாங்க நிற்பார்கள், பேட்டரி வைத்திருப்பவரைத் தவிர விற்க யாரும் இல்லை. சந்தையாகப் பார்த்தால் சரியாகத்தான் வேலை செய்தது. மனிதர்கள்தான் முதல் ஆர்வம் தணிந்ததும் விலையை மாற்றுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சிலர் ஒருமுறை குறித்ததோடு சரி. அரை யூனிட் மின்சாரத்துக்காக நாளுக்கு 96 முறை யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? திட்டத்தின் அடுத்த கட்டத்தில் தனித்தனிப் பேரத்தை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தானே கணக்கிடப்படும் விலைக்கு மாறினார்கள். பிளாக்செயினும் கழற்றிவிடப்பட்டது.

இரட்டிப்பானது எது?

ஓராண்டு முடிவில் வந்த தலைப்புச் செய்தி இதுதான்: பேட்டைக்குள் உற்பத்தியான சோலார் மின்சாரத்தில் பேட்டைக்குள்ளேயே செலவான பங்கு ஏறத்தாழ இரட்டிப்பானது. வீடு வீடாகத் தனியே எண்ணினால் மூன்றில் ஒரு பங்கு அளவு. கூட்டாக எண்ணினால் அறுபது சதவீதத்தை ஒட்டி. கூட்டத்தின் மொத்தத் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர் வெயிலே கொடுத்தது.

நல்ல எண்கள்தான், பொய்யும் இல்லை. ஆனால் விநியோக வலையைப் பராமரிப்பவர் இதைப் படித்தால் புருவத்தை உயர்த்துவார். சந்தை தொடங்குவதற்கு முந்தைய நாளும் அந்த வீட்டுக் கூரையிலிருந்து வெளியே வந்த மின்சாரம் எங்கே போயிற்று? பக்கத்து வீட்டுக்குத்தான். மின்னோட்டம் கிர்ச்சாஃப் விதிப்படி கிட்டத்தில் எந்த லோடு இருக்கிறதோ அங்கே போகும். 2018 கோடையிலும் அந்தத் துணி துவைக்கும் இயந்திரம் பக்கத்துக் கூரை மின்சாரத்தில்தான் ஓடியது. ரசீதில் மட்டும் நிறுவனத்தின் பெயர் இருந்தது. 2019-ல் ரசீது மாறியது. எண்ணும் எல்லைக்கோட்டை வீட்டு வாசலிலிருந்து பேட்டை முனைக்கு நகர்த்தியதும் பங்கு இரட்டிப்பானது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மேலே ஏறிய மின்சாரமும் கீழே இறங்கிய மின்சாரமும் அதனால் மட்டும் மாறிவிடாது.

இதைச் சொன்னால் திட்டத்தை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. காசு யாருக்குப் போகிறது என்பது பெரிய விஷயம். கூரையில் முதலீடு போட்டவருக்கு 4-க்குப் பதில் 11 கிடைத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் சோலார் போடுவார். ஆனால் 'உள்ளூர் வர்த்தகம் வலையின் பாரத்தைக் குறைக்கிறது' என்ற வாசகம் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் காதில் விழுகிறது. அது நடக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் லோடை வேறு நேரத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும், அல்லது பேட்டரி சரியான நேரத்தில் நிறைந்திருக்க வேண்டும். கணக்கு எழுதுவதால் நடக்காது.

50 கிலோவாட்டுக்கு ஒரு கணக்கு

வலைக்கு வலிக்கும் இடம் எது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 300 மீட்டர் ஓடும் ஒரு எல்.டி. கேபிள் (வீடுகளுக்கு வரும் 400 வோல்ட் தாழ்மின்னழுத்தக் கம்பி), 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம். கிலோமீட்டருக்கு 0.32 ஓம், ஆகவே 300 மீட்டருக்கு 0.096 ஓம். கேபிளின் கடைசி முனையில் ஐந்தாறு கூரைகள், மூன்று பேஸிலும் சமமாக மொத்தம் 50 கிலோவாட் மீதத்தை உள்ளே தள்ளுகின்றன. வோல்டேஜ் எவ்வளவு ஏறும்? 50,000 பெருக்கல் 0.096, வகுத்தல் 400. விடை 12 வோல்ட். 400-ல் 12 என்பது சரியாக 3 சதவீதம்.

இந்த 3 சதவீதம் தற்செயலாக வந்ததில்லை, எண்களை நான்தான் அப்படித் தேர்ந்தெடுத்தேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, செக் நாடுகளின் மின்நிறுவனங்கள் பின்பற்றும் பொது விதியில், தாழ்மின்னழுத்தப் பகுதியில் உற்பத்தியாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றக்கூடிய வோல்டேஜுக்கு உச்சவரம்பு அதுதான். அதற்கு மேல் இன்னொருவர் சோலார் போட விண்ணப்பித்தால், கேபிளைப் பெரிதாக்கு, அல்லது டிரான்ஸ்ஃபார்மரை மாற்று, அல்லது இன்வெர்ட்டரை (சோலார் பலகையின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும் கருவி) ரியாக்டிவ் பவர் (வேலை எதுவும் செய்யாத, ஆனால் வோல்டேஜை இறக்க உதவும் மின்திறன்) இழுக்கச் சொல் என்று பேச்சு ஆரம்பிக்கும்.

இப்போது சந்தையைக் கொண்டுவருவோம். கேபிள் முனையில் இருக்கும் கூரை தன் மீதத்தை இரண்டு பேருக்கு விற்கலாம். ஒருவர் அதே முனையில், பக்கத்து வீடு. இன்னொருவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்புறம், வேறொரு கேபிளில். முதலாமவர் அந்த நேரத்தில் கூடுதலாக லோடு போட்டால் 300 மீட்டர் கேபிளில் ஓட்டம் குறையும், வோல்டேஜ் இறங்கும். இரண்டாமவர் லோடு போட்டால் நம் கேபிளில் ஓட்டம் துளியும் குறையாது, வோல்டேஜ் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். வலைக்கு இந்த இரண்டும் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். ஏலத்துக்கோ இரண்டும் அரை யூனிட், 11 ராப்பன். வாங்குபவர் எந்தக் கேபிளில் இருக்கிறார் என்று சந்தை கேட்கவே இல்லை. இதுபோன்ற பெரும்பாலான சோதனைச் சந்தைகளும் கேட்பதில்லை, கேட்டால் கணக்கு சிக்கலாகும். அதைவிட முக்கியமாக, ஒரே தெருவில் இருவருக்கு இரு விலை என்பதை மக்களுக்கு விளக்குவது கஷ்டம்.

வாலன்ஷ்டாட்டைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேண்டும். சுவிஸ் ஊர்களில் கம்பி பொதுவாகத் தாராளமாகவே போடப்பட்டிருக்கும், 37 வீடுகள் அதைத் திணறடித்துவிடாது. அதனால் சந்தை கம்பியைக் கண்டுகொள்ளாதது அங்கே யாரையும் உறுத்தவில்லை. வலுவான வலையில் நடந்த சோதனையின் வெற்றியை நலிந்த வலைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போவதில்தான் ஆபத்து.

பேட்டரி பத்து மணிக்கே நிறைந்துவிடும்

முன்னே சொன்ன இரண்டு எண்களுக்கு வருவோம்: 300 கிலோவாட்டை ஒட்டிய சோலார், 80 யூனிட் பேட்டரி. எல்லாக் கூரையும் முழு வேகத்தில் தரும்போது 80 யூனிட் நிறைய கால்மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நடைமுறையில் வீட்டு உபயோகம் போக மீதிதான் பேட்டரிக்கு வரும், எல்லா வீட்டிலும் பேட்டரியும் இல்லை. ஆனாலும் போக்கு அதேதான். வீட்டு பேட்டரியின் இயல்பான நிரல், மீதம் வந்த நொடியிலிருந்து நிரப்பு என்பது. கோடையில் காலை எட்டரைக்கு மீதம் வர ஆரம்பிக்கும், பத்து, பத்தரைக்குள் பேட்டரி நிறைந்துவிடும். அப்புறம் பன்னிரண்டரை மணிக்கு உச்சி வெயிலில் முழு உற்பத்தியும் கம்பியில்தான் இறங்கும். வோல்டேஜ் ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில் பேட்டரி வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும்.

உள்ளூர் விலை இதைத் திருத்த முடியும். காலையில் விலை கூட, நண்பகலில் குறைய இருந்தால், காலையில் விற்றுவிட்டு நண்பகலில் நிரப்பு என்று நிரல் மாறும். அங்கே சந்தையும் வலையும் ஒரே பக்கம் நிற்கின்றன. இதுதான் உள்ளூர் வர்த்தகத்துக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு பேட்டரி நாளைய வானிலையைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். காலையில் நிரப்பாமல் காத்திருந்து, மதியம் மேகம் கவிந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு ஈடுகட்டும் அளவுக்கு விலை வித்தியாசம் இருந்தால் ஒழிய யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எல்லோரும் ஒரே நொடியில்

எதிர்ப்பக்கமும் உண்டு. விநியோக வலை முழுக்க டைவர்சிட்டி என்ற ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட மாட்டார்கள் என்பதுதான் அது. அதனால்தான் தலா பத்துப் பதினைந்து கிலோவாட் இழுக்கக்கூடிய 100 வீடுகளை ஒரு 400 கேவிஏ (அதிகபட்சம் சுமார் 400 கிலோவாட் தாங்கும்) டிரான்ஸ்ஃபார்மரில் தைரியமாகத் தொங்கவிடுகிறோம்.

உள்ளூர் விலை இந்த நம்பிக்கையைத்தான் தொடுகிறது. மணி 13.00-க்கு விலை இறங்கும் என்று எல்லாச் செயலிகளுக்கும் தெரியும். 40 வீடுகளில் 11 கிலோவாட் கார் சார்ஜர் இருந்து, எல்லாம் 13.00 மணிக்குக் கிளம்பினால் 440 கிலோவாட். டிரான்ஸ்ஃபார்மரின் அளவை அந்த ஒரு பொருளே தாண்டிவிட்டது. வெயில் நன்றாக அடித்தால் அதில் பாதியைக் கூரைகளே கொடுத்துவிடும், பிரச்சினை இல்லை. இரண்டு நிமிடம் மேகம் மறைத்தால்? விலை கால்மணிக்கு ஒருமுறைதான் மாறும், மின்னோட்டம் அதற்காகக் காத்திருக்காது.

வாலன்ஷ்டாட்டில் இப்படி எதுவும் நடக்கக் காரணமில்லை. 2019-ல் அங்கே அவ்வளவு கார்களும் இல்லை, மக்களும் கையால் விலையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். மனிதச் சோம்பலே டைவர்சிட்டியைக் காப்பாற்றியது என்று கூடச் சொல்லலாம். தானியங்கி நிரல்கள் சோம்பேறிகள் இல்லை. இதைச் சமாளிக்க எளிய வழிகள் உண்டு: ஒவ்வொரு சார்ஜரையும் சில நிமிடம் முன்பின்னாகக் கிளப்புவது, டிரான்ஸ்ஃபார்மர் லோடுக்கு வரம்பு போட்டு அதற்குள் மட்டும் ஏலம் நடத்துவது. இரண்டுக்கும் மின்நிறுவனம் சந்தைக்குள் வந்து உட்கார வேண்டும்.

கம்பிக் காசை யார் கட்டுவது?

இப்போது வம்பான பகுதி. நாம் கட்டும் ஒரு யூனிட் விலையில் மின்சாரத்துக்கான காசு ஒரு பகுதிதான். கம்பிக்கான காசும் வரிகளும் மீதி. சுவிட்சர்லாந்தில் மின்வலையை ஏழு மட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மட்டம் 380, 220 கிலோவோல்ட் பெருவழி. ஏழாவது மட்டம் வீட்டு வாசல் வரை வரும் 400 வோல்ட் கம்பி. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் மட்டங்கள். கீழ்மட்டத்தில் இருப்பவர் மேலே உள்ள எல்லா மட்டத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

குவார்ட்டியர்ஷ்ட்ரோமில், பேட்டைக்குள் கைமாறிய யூனிட்டுக்கு உள்ளூர்க் கம்பிக்கான கட்டணம் மட்டும் வாங்கினார்கள், மேல்மட்டங்களுக்கானது தள்ளுபடி. பெருவழியைத் தொடாத மின்சாரத்துக்கு ஏன் பெருவழிக் காசு என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தத் தள்ளுபடி இல்லாமல் இருந்திருந்தால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பேரம் பேச இடம் வெகுவாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால் வலையின் செலவு யூனிட்டைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வாங்கிப் புதைத்தாகிவிட்டது. அதன் அளவைத் தீர்மானிப்பது ஆண்டிலேயே பாரம் கூடிய அந்த ஒருசில மணி நேரம். சுவிஸ் நாட்டில் அது பெரும்பாலும் குளிர்காலச் சாயங்காலம். வெளியே உறைபனி, எல்லா வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஓடுகிறது, அடுப்பு எரிகிறது, கூரையில் பனி. அந்த நேரத்தில் சந்தையில் விற்க ஒரு யூனிட்கூட இல்லை. பேட்டை முழுக்க மேல்மட்ட வலையைத்தான் நம்பி நிற்கிறது. ஜூலையில் தள்ளுபடி வாங்கியவர் ஜனவரியில் அதே பெருவழியில் முழு அகலத்தையும் கேட்கிறார்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட் உள்ளூரில் கைமாறுகிறது, யூனிட்டுக்கு 4 ராப்பன் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால் 4,000 ஃபிராங்க். வலையின் செலவு 4,000 குறையவில்லை என்றால் அது அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் மற்றவர்கள் தலையில் ஏறும். மற்றவர்கள் யார்? வாடகைக்கு இருப்பவர்கள், கூரை இல்லாதவர்கள், நிழலில் வீடு இருப்பவர்கள். 37 வீட்டுச் சோதனையில் இது தெரியாது. ஊரே சேர்ந்தால் தெரியும்.

இந்தக் கேள்வியை நேர் எதிர்த்திசையில் தொட்ட சோதனை ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. பெர்த் நகரை ஒட்டிய ஃப்ரீமான்டிலில் 2018 முதல் 2020 வரை ரெனியூ நெக்ஸஸ் என்ற திட்டம். 50-க்குச் சற்றுக் குறைவான வீடுகள், பவர் லெட்ஜர் என்ற நிறுவனத்தின் மென்பொருள், கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. அங்கே தள்ளுபடிக்குப் பதிலாகக் கம்பிக் காசையும் விற்பனை நிர்வாகச் செலவையும் கனமான தினசரி நிலைக்கட்டணமாக மாற்றினார்கள். வலையின் செலவு நிலையானது, ஆகவே கட்டணமும் நிலையானது என்ற அளவில் பொருளாதாரப் பாடம் சரிதான். விளைவு? தொழில்நுட்பம் பிசகில்லாமல் ஓடியது, பெரும்பாலான வீடுகளின் பில் கூடியது. யூனிட் விற்றுச் சேர்த்ததை நிலைக்கட்டணம் தின்றுவிட்டது. வாலன்ஷ்டாட்டையும் ஃப்ரீமான்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏல முறை, மென்பொருள் எல்லாம் இரண்டாம் பட்சம் ஆகிவிடுகிறது. கம்பிக் கட்டணத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பதே சந்தை வாழுமா சாகுமா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

2026: சோதனை சட்டமான பிறகு

சுவிஸ் மக்கள் 2024 ஜூன் 9 அன்று புதிய மின்சாரச் சட்டத்தை வாக்கெடுப்பில் 68.7 சதவீத ஆதரவோடு ஏற்றுக்கொண்டார்கள். அதன்படி 2026 ஜனவரி 1 முதல் 'உள்ளூர் மின்சாரக் கூட்டமைப்பு' அமைக்கலாம். வாலன்ஷ்டாட்டில் சிறப்பு ஏற்பாடாக நடந்தது இனி யாருக்கும் உரிமை. ஒரே நகராட்சி எல்லைக்குள், ஒரே வலையில் இருக்க வேண்டும்; உறுப்பினர்களின் மொத்த இணைப்புத் திறனில் குறைந்தது 5 சதவீதமாவது சொந்த உற்பத்தி இருக்க வேண்டும். உள்ளூரில் கைமாறும் யூனிட்டுக்கு வலைக் கட்டணத்தில் 40 சதவீதத் தள்ளுபடி. மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நடுத்தர மின்னழுத்தத்துக்குப் போய் வந்தால் தள்ளுபடி 20 சதவீதம்தான்.

இந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. 2019-ன் சந்தை கேட்காத 'நீ எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறாய்' என்ற கேள்வியைச் சட்டம் கேட்கிறது, பாதி அளவுக்காவது. கேபிள் அளவுக்கு இறங்கவில்லை, போகட்டும். ஆனால் எந்த நேரத்தில் என்ற கேள்வி அதில் இல்லை. வோல்டேஜ் தலைக்கேறும் ஜூன் நண்பகலிலும், லேசாக வெயில் காயும் மார்ச் காலையிலும் தள்ளுபடி ஒன்றே.

நேரக் கேள்வியை அதே சீர்திருத்தம் வேறு இரண்டு இடங்களில் கையிலெடுத்திருக்கிறது. ஒன்று, உற்பத்தி வரம்பு. ஒரு சோலார் அமைப்பின் ஆண்டு உற்பத்தியில் 3 சதவீதம் வரை, வலை நெரிசலில் இருக்கும்போது இழப்பீடு இல்லாமல் மின்நிறுவனம் நிறுத்தி வைக்கலாம். 3 சதவீதம் என்றதும் சின்னதாகத் தெரியும். ஆனால் கூரைத் திறனில் 70 சதவீதத்துக்கு மேல் வெளியே விடாதே என்று இன்வெர்ட்டரில் ஒரு வரம்பு போட்டால் ஆண்டில் இழப்பது அந்த 3 சதவீதத்துக்குள்தான் அடங்கும், ஏனென்றால் உச்சத்தைத் தொடும் மணி நேரங்கள் மிகச் சில. 3 சதவீத யூனிட்டைக் கொடுத்து 30 சதவீத கிலோவாட்டை வாங்குகிறார்கள். மேலே போட்ட கேபிள் கணக்கில் 50-க்குப் பதில் 35 கிலோவாட் என்று வைத்துப் பாருங்கள், ஏற்றம் 12 வோல்ட்டிலிருந்து 8.4-க்கு இறங்கும். ஒரு கேபிளும் தோண்டவில்லை, ஒரு ஏலமும் நடக்கவில்லை. அடைபடுகிற அந்த மின்சாரத்தை வீட்டுக்குள்ளேயோ பேட்டரியிலோ போட்டுக்கொள்ளத் தடையில்லை என்பதால், பேட்டரியை நண்பகலுக்குக் காத்திருக்க வைக்க இது வலுவான காரணமும் ஆகிறது. சந்தை விலையால் முடியாததை ஒரு வரம்பு செய்துவிடுகிறது.

இரண்டாவது, நேரத்துக்கு நேரம் மாறும் வலைக் கட்டணம். ஃப்ரிபூர் பகுதியில் இயங்கும் குரூப் ஈ நிறுவனம் 2024 முதல் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்துவருகிறது. கம்பிக் கட்டணம் கால்மணிக்குக் கால்மணி மாறும். நாளை வலையில் எவ்வளவு பாரம் இருக்கும் என்ற கணிப்பிலிருந்து விலை வரும், முந்தைய நாள் மாலையே அறிவித்துவிடுவார்கள். இங்கே யாரும் யாருக்கும் விற்கவில்லை. வலை தன் வலியைத் தானே விலையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நொடியில் கிளம்பும் ஆபத்து இதிலும் உண்டு. விலை பகுதி முழுமைக்கும் ஒன்று என்பதால் ஒரு தெருக் கேபிளின் நிலைமை இதற்கும் தெரியாது.

ஆக, இன்று ஒரு சுவிஸ் வீட்டுக்காரருக்கு மூன்று தனித்தனிச் சைகைகள் கிடைக்கக்கூடும்: கூட்டமைப்பின் தள்ளுபடி பக்கத்து வீட்டுக்கு விற்கச் சொல்லும், 70 சதவீத வரம்பு நண்பகலில் அடக்கி வாசிக்கச் சொல்லும், மாறும் கட்டணம் சாயங்காலம் ஒதுங்கி இருக்கச் சொல்லும். பெரும்பாலான நாட்களில் மூன்றும் ஒரே திசையில் இழுக்கும். இழுக்காத நாட்களில் வீட்டு பேட்டரியின் நிரல் எதன் பேச்சைக் கேட்கிறது என்பதில்தான் கேபிள் முனையின் வோல்டேஜ் இருக்கிறது, அந்த நிரலை எழுதுபவர் பெரும்பாலும் இன்வெர்ட்டர் கம்பெனிக்காரர். உள்ளூர் வர்த்தகத்துக்கு அனுமதி கொடுக்கப்போகும் எந்த ஒழுங்குமுறை ஆணையமும் ஏல விதிகளை எழுதுவதற்கு முன் அந்த இன்வெர்ட்டர் அமைப்பில் ஒரு பக்கத்தை எழுதி முடிப்பது நல்லது: வெளியே விடும் உச்ச கிலோவாட், வோல்டேஜ் ஏறும்போது எவ்வளவு ரியாக்டிவ் பவர், விலை மாறும் கணத்தில் எத்தனை நிமிடம் தள்ளிக் கிளம்புவது. அப்புறம் யார் யாருக்கு என்ன விலைக்கு விற்றாலும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும்.